பழைய நிறமும் புதிய பூச்சும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கித் தெற்கே செல்லும் பெருவீதி, கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஓடும் வீதியாகும். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டவாறு அதன் இருமருங்கும் அமைந்திருக்கின்றன. மேற்கே நெல்வயல், கிழக்கே வங்கக் கடல். கடற்காற்று இவ்வூர்களுக்குக் குளிர்ச்சியைத் தருகின்றது. கூடவே உப்பையும் கொண்டு வருகின்றது. வீட்டு யன்னற் கம்பி, கிணற்றடிக் கப்பியின் அச்சு, துவிச்சக்கர வண்டியின் சங்கிலி ஆகிய எதுவும் அந்த உப்புக்குத் தப்புவதில்லை. இரும்பினால் அமைந்த மோட்டார் வண்டி மாத்திரம் எவ்வாறு தப்பும்?

முன்னே செல்லும் லொறியின் சில்லிலிருந்து தெறித்த ஒரு கல், ஒடுங்கிய ஒழுங்கையில் உரசிய ஒரு வேலிக் கம்பி, சந்தையடியில் மோதிய ஒரு சைக்கிளின் கைபிடி; இவற்றுள் ஏதேனும் ஒன்று வண்டியின் கதவிலே நகக்கண் அளவு பூச்சைப் பெயர்த்துவிடுகின்றது. பார்ப்பவருக்கு அது ஓர் அழகுக் குறை. இரும்புக்கோ அது திறந்து விடப்பட்ட வாசல். உப்பு கலந்த ஈரம் அவ்வாசலால் நுழைந்து, பூச்சுக்கு அடியிலே பக்கவாட்டிற் பரவுகின்றது. வெளியே ஒரு புள்ளியாய் இருந்தது சில மாதங்களில் கொப்புளமாகின்றது. கொப்புளம் உடைந்தால் உள்ளே தகடு செந்தூளாகி உதிர்கின்றது.

தொழிற்சாலையிலே பூசப்படும் பூச்சு எத்தனை தடிப்பானது என்பதை அறிந்தால் இவ்வாபத்து நன்கு விளங்கும். இக்கால வண்டிகள் பெரும்பாலானவற்றில் அப்பூச்சு நான்கு படைகளைக் கொண்டது. முதலாவது, வண்டியின் உடலைத் தொட்டியிலே அமிழ்த்தி, மின்சாரத்தின் உதவியாற் படியச் செய்யும் துருக்காப்புப் படை. இரண்டாவது, மேற்பரப்பைச் சமப்படுத்தும் அடிப்பூச்சு. மூன்றாவது, நிறப்பூச்சு. நான்காவது, நிறமின்றி ஒளியை ஊடுபுக விடும் பளபளப்புப் பூச்சு. இந்நான்கும் ஒருங்கே சேர்ந்தாலும் மொத்தத் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதாவது, ஒரு தலைமயிரின் தடிப்பிலும் சற்றுக் கூடியது, அவ்வளவே. பல இலட்சம் ரூபா பெறுமதியான வண்டியைக் கடலிடமிருந்து காத்து நிற்பது அந்த மயிரிழை வேலிதான்.

இலங்கையில் இதற்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரையில் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுக் காலம் இருந்த வண்டிகளையே பேணிப் பாதுகாத்து ஓட்ட வேண்டியதாயிற்று. பழைய வண்டியை மாற்றுவோம் என்ற எண்ணத்தைவிட, இருப்பதை இன்னும் பத்து ஆண்டுகள் காப்போம் என்ற எண்ணமே பல குடும்பங்களில் வேரூன்றியது. அந்த எண்ணத்தோடுதான் ஒருவர், தம் வெள்ளைக் காரின் கதவிலுள்ள கீறலுக்கு மருந்து தேடிப் பெயின்ட் கடைக்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம்.

"தம்பி, நம்ம கார் வெள்ளைதான். ஒரு சின்னப் போத்தல் வெள்ளைப் பெயின்ட் தாங்க" என்கின்றார் அவர்.

"வெள்ளைதான் காக்கா, ஆனா எந்த வெள்ளை?" என்று கடைக்காரர் கேட்கின்றார்.

இக்கேள்வி விளையாட்டன்று. இன்றைய பேச்சின் பொருள் முழுவதும் இக்கேள்விக்குள்ளே அடங்கியிருக்கின்றது.

வெள்ளை, கருமை, செம்மை, பொன்மை, பசுமை என்று நிறத்தை ஐந்தாக வகுத்தனர் பழந்தமிழ் உரையாசிரியர்கள். பேச்சுக்கு ஐந்து போதும், பூச்சுக்குப் போதாது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கென்று அணியும் புதிய ஜுப்பாவையும், ஈராண்டுகளாகத் துவைத்து உடுத்த பழைய ஜுப்பாவையும் அருகருகே கொடியிலே தொங்கவிட்டுப் பார்க்கலாம். தனித்தனியே பார்த்தபோது இரண்டும் வெள்ளைதான். அருகருகே வந்தபோது ஒன்று மஞ்சளித்துத் தோன்றும்; மற்றையது நீலம் ஓடித் தோன்றும். வெள்ளை உடுப்புக்கு நீலம் போடும் வழக்கமும் இந்த உண்மையிலிருந்தே பிறந்தது. மஞ்சளித்த துணியிலே இம்மியளவு நீலம் சேரும்போது, கண் அதனைத் தூய வெள்ளையென்று ஏற்றுக்கொள்கின்றது. வண்டிப் பூச்சிலும் இவ்வாறே. வெள்ளை என்று பெயர் பெற்ற ஒவ்வொன்றிலும் சிறிது கருமையோ மஞ்சளோ நீலமோ கலந்திருக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தியையும் கூறலாம். பெயின்டுக்கு வெண்மையைத் தருவது பெரும்பாலும் டைட்டானியம் ஈரொட்சைட்டு என்னும் பொடியாகும். அது இல்மனைட், ரூட்டைல் ஆகிய கனியங்களிலிருந்து எடுக்கப்படுகின்றது. அக்கனியங்கள் செறிந்த கரிய மணல், கல்முனை அமைந்திருக்கும் இதே கிழக்குக் கரையிலே, திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கடற்கரையில் விரிந்து கிடக்கின்றது. அம்மணலைப் பயன்படுத்துவதற்கென 1957ஆம் ஆண்டில் அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று அமைக்கப்பட்டது. கிழக்குக் கடல் ஒருபுறம் இரும்பை அரிக்கும் உப்பை வீசுகின்றது. மறுபுறம் இரும்பைக் காக்கும் வெண்மைக்கு மூலமான கருமணலையும் ஒதுக்குகின்றது. கருமையிலிருந்து வெண்மை பிறப்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்றன்றோ?

மீண்டும் கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். எந்த வெள்ளை என்பதற்கு விடை வண்டியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. சாரதியின் கதவைத் திறந்தால் தூணிலே ஒட்டிய தாளிலோ, இயந்திர மூடியைத் தூக்கினால் உள்ளே பொருத்திய சிறு தகட்டிலோ நிறத்தின் குறியீடு இருக்கும். டொயோட்டா நிறுவனத்தின் வண்டியாயின் 040 என்பது சாதாரண வெள்ளையைக் குறிக்கும். 070 என்பது முத்து வெள்ளையைக் குறிக்கும். ஹொண்டா நிறுவனத்தின் வெள்ளைகளுள் ஒன்றுக்கு என்.எச். 578 என்று பெயர். தெருவிலே நின்று பார்ப்பவருக்கு இவை யாவும் வெள்ளைக் கார்கள். ஆனால் 040க்குரிய பூச்சைக் கொண்டுபோய் 070இலே தொட்டால், பட்டுச் சேலையிலே சீத்தைத் துணியால் ஒட்டுப் போட்டதுபோல அது பல்லிளிக்கும்.

எனவே குறியீட்டை அறிவதே முதற் கடமை. ஆனால் அது முதற் கடமை மாத்திரமே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். குறியீட்டின்படி கலந்து வாங்கிய பூச்சும் சில வேளைகளிற் பொருந்துவதில்லை. உடனே கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினந்துகொள்வோர் உளர். குறியீடு என்பது வண்டி பிறந்த பொழுது இட்ட பெயர். வண்டி இன்று எவ்வாறிருக்கின்றது என்பதை அது கூறமாட்டாது. பத்து ஆண்டுகள் வெயிலிலே நின்ற வண்டி, பிறந்தபோதிருந்த நிறத்தோடு இல்லை. சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் நிறப்பொடிகளையும் அவற்றைப் பிணைத்திருக்கும் பசையையும் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. சிவப்பு வண்டிகள் வெளிறி இளஞ்சிவப்பாவதைக் காணாதவர் இல்லை. வெள்ளை மஞ்சளிக்கின்றது. கூரை அதிகம் மாறுகின்றது. கதவின் கீழ்ப்பகுதி குறைவாக மாறுகின்றது. ஆகவே ஒரே வண்டியில், ஒரே குறியீட்டில், இரண்டு மூன்று நிறங்கள் வாழ்கின்றன.

அன்றியும், ஒரே குறியீடு பெற்ற வண்டிகளும் பிறக்கும்போதே சற்று வேறுபடுவதுண்டு. வேறு வேறு தொழிற்சாலைகளில், வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு தொகுதிகளாகக் கலந்த பூச்சுகள் முற்றாக ஒத்திருப்பதில்லை. அதனாற்றான் பூச்சு உற்பத்தியாளர்கள் ஒரே குறியீட்டுக்குப் பல கிளைக் கலவைகளைத் தம் ஏடுகளிற் கொடுத்திருக்கின்றனர். மருதமுனைக் கைத்தறி நெசவாளருக்கு இது புதிய செய்தியன்று. ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே கையினாற் போட்டாலும், நேற்றுத் தோய்த்த நூலும் இன்று தோய்த்த நூலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு சேலையின் உடலுக்கு வேண்டிய நூலை ஒரே தோய்ப்பில் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. பாதியில் நூல் முடிந்து, வேறு தோய்ப்பு நூலைச் சேர்த்தால், நெய்து முடிந்த துணியிலே ஒரு கோடு ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தை இன்னதென்று கூறுவதற்கு ஒழுங்கான ஒரு மொழி வேண்டும் என்று சிந்தித்தவர்களுள் ஒருவர் அமெரிக்க நாட்டுச் சித்திர ஆசிரியரான அல்பேட் மன்செல். 1905ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், எந்த நிறத்தையும் மூன்று கேள்விகளாற் குறிப்பிடலாம் என்று காட்டினார். அது எந்த இனத்து நிறம், சிவப்பா நீலமா? அது எவ்வளவு வெளிறியது அல்லது இருண்டது? அது எவ்வளவு செறிவுடையது, பளிச்சென்றதா மங்கியதா? தேர்ந்த பூச்சுத் தொழிலாளி மன்செலின் பெயரைக் கேள்விப்படாதவராக இருக்கலாம். ஆயினும் அவர் கண் இம்மூன்று கேள்விகளையே கேட்கின்றது. முதலில் வெளிறலையும் இருளையும் சரிசெய்கின்றார். பின்னர் இனத்தை நோக்கித் துளித்துளியாக நகர்கின்றார். கடைசியிற் செறிவைப் பார்க்கின்றார். கிராம் கணக்கில் நிறுக்கும் தராசிலே ஒரு துளி கூடினால், மீண்டும் அதனை எடுத்துவிட முடியாது. ஒரு நிறத்தின் மிகுதியை அடக்குவதற்கு அதற்கு எதிரான நிறத்தைச் சேர்த்தால், அடங்குவதோடு அழுக்கும் ஏறிவிடும். கறியிலே உப்புக் கூடினால் நேரும் சங்கடம் இங்கும் உண்டு.

இனி, பார்க்கும் கண்ணையும் காட்டும் ஒளியையும் பற்றிச் சில கூறவேண்டும். பாரிஸ் நகரிலே கொபெலின் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரோல் என்னும் இரசாயன அறிஞர். அங்கே தோய்த்த கறுப்பு நூல் நீலத்தோடு சேர்த்து நெய்யப்படும்போது வலிவிழந்து தோன்றுவதாக முறைப்பாடு எழுந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார்; சாயத்திற் குற்றமில்லை. குற்றம் அயலிலிருந்த நிறத்தில் இருந்தது. ஒரு நிறம் பக்கத்திலுள்ள நிறத்தின் தோற்றத்தை மாற்றிவிடுகின்றது என்ற உண்மையை 1839ஆம் ஆண்டில் அவர் பெருநூலாக எழுதி வெளியிட்டார். கராஜிலே சிவப்புச் சட்டை அணிந்து வெள்ளை வண்டிக்கருகில் நிற்பவர், தம் சட்டையின் சாயலும் வண்டியிலே விழுகின்றது என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

ஒளியும் அவ்வாறே. இரண்டு பூச்சுகள் கடையின் குழல் விளக்கின் கீழ் ஒன்றாகத் தோன்றும். வெளியே வெயிலுக்கு வந்ததும் இரண்டாகிவிடும். வேறு வேறு நிறப்பொடிகளாற் கலக்கப்பட்டவை ஓர் ஒளியில் ஒத்து, மற்றோர் ஒளியிற் பிரியும் இயல்புடையவை. மஞ்சள் ஒளி வீசும் வீதி விளக்கின் கீழோ எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான். மஃரிபுக்குப் பின்னர் பழைய வண்டி பார்க்கச் செல்வோர் இதனைக் கருத்திற் கொள்வாராக. நிறம் பார்ப்பதற்கு ஏற்றது பகல் ஒளி. அதிலும் கண்கூசும் உச்சி வெயிலைக் காட்டிலும், வெண்முகில் பரவிய வானத்தின் மென்மையான ஒளி சிறந்தது. ஒரே இடத்தை நெடுநேரம் உற்று நோக்கினால் கண் களைத்து, வேற்றுமையைக் காண மறுத்துவிடும். முதற் சில விநாடிகளிற் கண் கூறுவதே பெரும்பாலும் உண்மை. ஐயம் இருந்தால் சற்று அப்பாற் சென்று, பச்சை மரத்தையோ கடலையோ பார்த்துவிட்டு வருதல் நலம்.

ஆண்களுள் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியும் ஆற்றல் பிறவியிலேயே குறைந்திருக்கும். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கொண்டு இதனைச் சில நிமிடங்களிற் கண்டறியலாம். பூச்சுத் தொழிலுக்குச் செல்ல விரும்பும் இளைஞர் அச்சோதனையை முன்னரே செய்துகொள்வது, பின்னர் வரும் வீண் பழியைத் தவிர்க்கும்.

வெள்ளி நிற வண்டிகள், முத்து நிற வண்டிகள் ஆகியவற்றின் கதை இன்னும் சிக்கலானது. மீனவர் வலையிலிருந்து எடுக்கும் மீனைக் கையிலே திருப்பிப் பார்த்தால், ஒரு பக்கம் மின்னும். சற்றுச் சாய்த்தால் கறுக்கும். செதில்களில் ஒளி பட்டுத் திரும்பும் விதமே இதற்குக் காரணம். பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டினர் மீன் செதிலிலிருந்து எடுத்த சாறு கொண்டு போலி முத்துகளுக்கு ஒளியூட்டினர். இன்று வண்டிப் பூச்சிலே அலுமினியச் செதில்களும், மேற்பூச்சிட்ட மைக்காச் செதில்களும் அவ்வேலையைச் செய்கின்றன. இப்பூச்சுகளிற் கலவை சரியாக இருந்தாலும், தெளிக்கும் கை மாறினால் நிறம் மாறிவிடும். தூர நின்று வரட்சியாகத் தெளித்தால் செதில்கள் மேலே தட்டையாகப் படிந்து நிறம் வெளிறும். அண்மையில் நின்று ஈரமாகத் தெளித்தால் செதில்கள் உள்ளே அமிழ்ந்து நிறம் இருளும். தூரிகையாற் தொட்டாலோ செதில்கள் தாறுமாறாகக் கிடக்கும். ஆகவே அத்தகைய வண்டிகளில் தூரிகைப் பொட்டு முற்றாக மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேராசை. அது துருவைத் தடுக்கும், அதுவே போதும்.

அவ்வாறாயின், சிறு கீறலை உடையவர் செய்யக் கூடியது என்ன? முதலாவது, அவ்விடத்தை நன்னீராற் கழுவி உலர விடவேண்டும். இரண்டாவது, சுற்றியுள்ள பழைய பூச்சை மெருகுப் பசையால் தேய்த்துத் துலக்கவேண்டும். வெயிலில் வெந்து மங்கிய மேற்படையோடு புதிய பூச்சை ஒப்பிட்டால், ஒப்பீடு பிழைத்துவிடும். துலக்கிய பின்னர் தோன்றுவதே பொருத்த வேண்டிய நிறம். மூன்றாவது, துரு இருந்தால் மெல்லிய அரத்தாளாற் சுரண்டி, மின்னும் இரும்பு தெரியும்வரை நீக்கவேண்டும். துருவின் மேல் எத்தனை அழகிய நிறத்தைப் பூசினாலும், அது புண்ணை மூடிப் பட்டுத்துணி சுற்றியதாகவே முடியும். நான்காவது, வெற்று இரும்புக்கு அடிப்பூச்சு இடவேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுவே. துருவைத் தடுப்பதும் பெரும்பாலும் இதுவே.

அதன் பின்னரே நிறம். வாங்கிய பூச்சை நன்றாகக் கலக்கி, நேரே வண்டியிற் தொடாமல், முதலில் ஒரு தடித்த கடதாசி அட்டையிலே பூசிக் காயவிட வேண்டும். ஈரப் பூச்சின் நிறம் வேறு. உலர்ந்த பூச்சின் நிறம் வேறு. சாதாரண நிறங்கள் உலரும்போது பெரும்பாலும் சற்று இருளும். உலர்ந்த அட்டையைக் கதவோடு ஒட்டிப் பிடித்து, நேரே நின்றும் சாய்வாக நின்றும் பகலொளியில் பார்க்கவேண்டும். பொருந்தினால், மெல்லிய தூரிகை நுனியாலோ கூராக்கிய தீக்குச்சியாலோ பள்ளத்தினுள் மாத்திரம் தொட்டு வைக்கவேண்டும். ஒரே தடவையில் நிரப்ப முயலாமல், காயவிட்டுக் காயவிட்டு இரண்டு மூன்று தடவை இடுதல் நன்று. முடிவிலே பளபளப்புப் பூச்சு. அது நன்கு இறுகும்வரை பல நாட்கள் மெருகிடாது விடவேண்டும்.

காலத்தையும் அறிந்து செய்யவேண்டும். வாடைக்காற்றோடு மழை பெய்யும் மாதங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். விரைந்து உலரும் பூச்சு, ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கின்றது. காற்றின் ஈரம் அதன்மேற் படிந்து வெண்புகை போன்ற மங்கலைத் தோற்றுவிக்கின்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ புழுதி வந்து ஒட்டிக்கொள்ளும். காற்றடங்கிய, மழையற்ற ஒரு காலைப்பொழுதே இவ்வேலைக்கு உகந்தது.

கீறல் நீண்டதாக, அல்லது கதவே நசுங்கியதாக இருந்தால், அது தொழில் தெரிந்தவரின் கைக்குரியது. அவர் கதவின் ஓரத்தோடு நிறத்தை நிறுத்திவிடுவதில்லை. அயலிலுள்ள பகுதிக்குள்ளும் மெல்ல மெல்லக் குறைந்து செல்லுமாறு தெளித்து, முழுப் பகுதிக்கும் பளபளப்புப் பூச்சு இடுகின்றார். காரணம் எளிது. இரண்டு நிறங்கள் ஒரு கோட்டிலே சந்தித்தால், மிகச் சிறிய வேற்றுமையையும் கண் கண்டுபிடித்துவிடும். அதே வேற்றுமை படிப்படியாக மாறினால் கண் அதனை அறியாது. கரையோரத்து மணல் நிற நீர் எவ்விடத்தில் நீலக் கடலாகின்றது என்று எவராலும் கோடு கீறிக் காட்ட முடியுமா? பெரிய நகரங்களில் நிறத்தை அளந்து இலக்கமாகக் கூறும் கருவிகளும் இன்று உண்டு. ஆனால் கருவி காட்டிய கலவையையும் முடிவிலே அட்டையிற் பூசிக் கண்ணாற் பார்த்தே ஏற்றுக்கொள்கின்றனர்.

இத்தொழிலாளரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவசியம். வன்மையாக இறுகும் இக்காலப் பூச்சுகள் பலவற்றில் ஐசோசயனேற்று என்னும் பொருள் சேர்கின்றது. தெளிக்கும்போது எழும் அதன் நுண்புகையைச் சுவாசிப்பது தீராத ஆஸ்துமா நோயைத் தரக்கூடும். முகத்திலே கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது இதற்குத் தடையாகாது. தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் வேண்டும். வண்டியின் நிறத்துக்காக ஓர் இளைஞனின் மூச்சைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் இலாபமாகாது. வண்டியை ஒப்படைப்போரும் இதனைக் கேட்டறிவது அவர்தம் கடமை.

இறுதியாக, நிறப் பொருத்தத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நன்றாகப் பொருந்திய பூச்சு கீறலை மறைக்கின்றது. பெரும் விபத்தையும் மறைக்கின்றது. மோதி நொறுங்கிய வண்டி, பட்டியும் பூச்சும் பெற்றுப் புதுமணப்பெண் போலச் சந்தைக்கு வருகின்றது. வாங்குபவர் அதன் வரலாற்றை அறியமாட்டார். பட்டி தடிப்பாக இட்ட இடத்திற் காந்தம் சரிவரப் பற்றாது என்பதும், பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி மறுபூச்சைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் வாங்குவோர் அறியவேண்டியவை. எனினும் முன்புற, பின்புற பம்பர்கள் பிளாஸ்டிக்கினால் ஆனவை. பெரும்பாலும் தனியே பூசப்படுபவை. அவற்றின் நிறம் புது வண்டியிலேயே சற்று வேறுபடக்கூடும். அதனை மட்டும் கண்டு விற்பவர்மீது ஐயங்கொள்வது நியாயமன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையிலே ஒரு தானியக் குவியலினுள் கையை விட்டபோது, மேலே உலர்ந்திருந்த குவியல் உள்ளே நனைந்திருந்ததைக் கண்ட செய்தியை இக்கரையோரத்துப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டு வளர்கின்றனர். மழையில் நனைந்தது என்று வணிகர் கூறியபோது, நனைந்த தானியத்தை எல்லோரும் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அவரை நோக்கி எழுந்த கேள்வி. நனைந்தது குற்றமாகக் கொள்ளப்படவில்லை, மறைத்ததே குற்றமாயிற்று. வண்டிக்கும் இதே நீதிதான். பூச்சு இட்டதிற் குற்றமில்லை. எங்கே, ஏன் இடப்பட்டது என்பதை விற்கும் வேளையில் வாய் திறந்து கூறாதிருப்பதே குற்றம். காப்பதற்காக நிறம் பொருத்துவது ஒன்று. மறைப்பதற்காகப் பொருத்துவது வேறொன்று. குப்பியிலுள்ள பூச்சு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். பூசுபவரின் எண்ணமே அவற்றைப் பிரிக்கின்றது.

ஆகவே வண்டி வைத்திருக்கும் நேயர்கள், மாரி மழை தொடங்குமுன் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவாராக. வண்டியைக் கழுவி, நிழலிலே நிறுத்தி, ஒருமுறை சுற்றி வந்து பார்க்கட்டும். பெயர்ந்த இடம் எதுவாயினும் அதற்கு அடிப்பூச்சும் நிறமும் இட்டு மூடிவிடட்டும். நிறம் அணுவளவு வேறுபட்டதென்று மனம் வருந்த வேண்டியதில்லை. அருகே சென்று தேடிக் காணவேண்டிய ஒரு சிறு பொட்டு, அவ்வண்டி கவனிப்பாரற்றுக் கிடக்கவில்லை என்பதற்குச் சாட்சி. அதன் அடியிலே இரும்பு உறுதியாக இருக்கும் வரையில், மேலேயுள்ள அச்சிறு வேற்றுமை எவருக்கும் இழிவைத் தராது.